2 மணி நேரத்துக்கு மேல லைவ் போனா வீடியோ திக்குது: ஓபிஎஸ், லேப்டாப், 4ஜி லைன்

மூணாம்லயம் | செவ்வாய், இரவு 11:52

வணக்கம் எல்லாருக்கும். இடம் மலேசியா, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட், லிந்தாங் ரோட்டை ஒட்டின தோட்டம். ஜிடிஏ 5 கேம் ரோல்பிளே லைவ், ஓபிஎஸ்ங்கற லைவ் விடற சாஃப்ட்வேர் வழியா யூடியூப்புக்கு. முதல் ஒன்றரை மணி நேரம் வழவழன்னு ஓடுது. ரெண்டு மணி நேரம் தாண்டினா படம் திக்க ஆரம்பிக்குது. சத்தம் சரியா வருது, படம் மட்டும் விட்டு விட்டு நகருது. என் ஸ்கிரீன்ல கேம் ஓரளவு நல்லாத்தான் தெரியுது. ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தா மறுபடி கொஞ்ச நேரம் சரியாகுது.

சாமான் விவரம்: லேப்டாப், கோர் ஐ7 11ஆம் தலைமுறை, கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஆர்டிஎக்ஸ் 3060 (6 ஜிபி), ரேம் 16 ஜிபி, ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ். ஓபிஎஸ் 1080பி 60, பிட்ரேட் (செகண்டுக்கு அனுப்பற டேட்டா) மாறாத சிபிஆர் முறையில 6000 கேபிபிஎஸ், என்கோடர் (படத்தைச் சுருக்கறது) ஜிபியுவோட என்வென்க் எச்.264, பிரீசெட் பி6, லுக்-அஹெட் (அடுத்த ஃபிரேம்களை முன்கூட்டிப் பாக்கற வசதி) ஆன். சாட் பாக்ஸ், அலர்ட், கோல் பார், பாட்டுப் பேர் காட்டுறது, இந்த நாலும் பிரவுசர் சோர்ஸ் (ஓபிஎஸ்ஸுக்குள்ள ஓடுற வெப் பக்கம்). கூடவே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ரெக்கார்டிங் 20,000 கேபிபிஎஸ்ல போகுது. ஃபைபர் இந்தப் பக்கம் வரல, 4ஜி ரூட்டர்தான். ரூட்டர் ஹால்ல, லேப்டாப் அறையில, வைஃபை.

விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடணுமா?

பீடோர்பையன் | புதன், காலை 12:10

பிட்ரேட்டை 3500-க்கு இறக்கு மச்சான். 4ஜில 6000 எல்லாம் ஓவர் லா. வேலை முடிஞ்சுது.

கூலிம்சிப் | புதன், காலை 7:25

தம்பி, விண்டோஸைத் தொட வேண்டாம். பிட்ரேட்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். எந்த இடத்துல ஃபிரேம் சாகுதுன்னு தெரியாம எதை மாத்தினாலும் குருட்டு அடிதான்.

ஓபிஎஸ்ல வியூ மெனு, ஸ்டாட்ஸ். அதுல மூணு எண்ணிக்கை இருக்கும். ரெண்டரிங் லேக்கால தவறின ஃபிரேம், என்கோடிங் லேக்கால விட்டுப்போன ஃபிரேம், நெட்வொர்க்ல டிராப் ஆன ஃபிரேம். மூணும் மூணு வேற வியாதி, மருந்தும் வேற வேற.

ரெண்டரிங் லேக்னா ஓபிஎஸ் உங்க கேம், கேமரா, ஓவர்லே எல்லாத்தையும் ஒரே படமாக் கோக்குற வேலைக்கு ஜிபியு நேரம் ஒதுக்கல. 60 ஃபிரேம்னா ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிசெகண்ட்தான். அதுக்குள்ள கோத்து முடிக்கலன்னா அந்த ஃபிரேம் போச்சு, பழைய படமே மறுபடி போகும். என்கோடிங் லேக்னா கோத்த படத்தைச் சுருக்குற இடம் மூச்சு வாங்குது. நெட்வொர்க் டிராப்னா சுருக்கினதை வெளியே தள்ள லைன் பத்தல. பீடோர் தம்பி சொன்ன பிட்ரேட் இந்த மூணாவதுக்கு மட்டும்தான் மருந்து. முதல் ரெண்டுல பிட்ரேட்டை 1000-க்கு இறக்கினாலும் ஒரு ஃபிரேம்கூட திரும்பி வராது.

இன்னொண்ணு கவனிங்க. அந்தச் சதவீதம் லைவ் தொடங்கினதுல இருந்து எடுத்த சராசரி. ரெண்டு மணி நேரம் நல்லா ஓடிட்டு கடைசி 5 நிமிஷம் நாறினாலும் 1% கிட்டதான் காட்டும், பெருசா ஒண்ணும் இல்லன்னு நினைச்சிருவீங்க. அதனால திக்க ஆரம்பிச்ச உடனே ஸ்டாட்ஸ் ஜன்னல்ல ரீசெட் அழுத்திட்டு, அடுத்த 10 நிமிஷத்துல எந்த எண்ணிக்கை ஏறுதுன்னு பாருங்க. அதே ஜன்னல்ல ஃபிரேம் ரெண்டர் ஆகும் சராசரி நேரமும் இருக்கும், அதைத் தொடக்கத்துலயும் திக்கும்போதும் எழுதி வைங்க.

கூடவே எச்டபிள்யூஇன்ஃபோங்கற வெப்பம், வேகம் அளக்கற சாஃப்ட்வேர் போட்டு சென்சார் லாக்கிங் ஆன் பண்ணுங்க. ஜிபியு வெப்பம், ஜிபியு கிளாக் (ஓடுற வேகம்), ஜிபியு மெமரி, மொத்த ரேம், சிபியு வெப்பம். லைவ் முடிஞ்சதும் அந்த ஃபைலை எக்ஸெல்ல திறந்து திக்கின நேரத்தோட ஒட்டிப் பாத்தா போதும். டாஸ்க் மேனேஜர்ல ஓபிஎஸ்-பிரவுசர்-பேஜ்னு சில வரிகள் ஓடும், அது எவ்வளவு ரேம் தின்னுதுன்னும் ரெண்டு நேரத்துல குறிங்க.

ஓலைக்கொட்டாய் | புதன், காலை 8:02

ஸ்டாட்ஸை ஓபிஎஸ் ஜன்னல் ஓரத்துலயே ஒட்டி நிப்பாட்டி வச்சுக்கலாம், டாக்ஸ் மெனுவுல இருக்கு. லைவ் முடிஞ்சப்புறம் ஹெல்ப், லாக் ஃபைல்ஸ், வியூ கரண்ட் லாக். கடைசிப் பத்து இருபது வரியில மூணு கணக்கும் எழுதியிருக்கும். படம் பிடிச்சு போடாதீங்க, எழுத்தாவே ஒட்டுங்க. போன்ல எடுத்த ஸ்கிரீன் போட்டோவைப் படிச்சுப் படிச்சு இங்க எல்லாருக்கும் கண்ணாடி பவர் ஏறிடுச்சு.

மூணாம்லயம் | வியாழன், காலை 12:40

அண்ணே, எடுத்தாச்சு. 2 மணி 20 நிமிஷத்துல ரீசெட் பண்ணி 10 நிமிஷம் பாத்தது:

ரெண்டரிங் லேக் 11.4%. என்கோடிங் லேக் 0.3%. நெட்வொர்க் 0.0%.
ரெண்டர் நேரம்: தொடக்கத்துல 3 மில்லிசெகண்ட், அப்புறம் 14-ல இருந்து 19 வரை ஆடுது.
ஓபிஎஸ்-பிரவுசர்-பேஜ் எல்லாம் சேத்து: தொடக்கத்துல 700 எம்பி, திக்கும்போது 3.2 ஜிபி.
ஜிபியு மெமரி: 4.4 ஜிபியில தொடங்கி 5.9 ஜிபி.
ஜிபியு உபயோகம் 97-99%, வெப்பம் 84.

பீடோர்பையன் | வியாழன், காலை 12:48

நெட்வொர்க் 0.0 ஆ. சரி, நான் ஓரமா உக்காந்துக்கறேன்.

கூலிம்சிப் | வியாழன், காலை 7:40

இப்ப படம் தெளிவா இருக்கு. ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குது.

முதல்ல எப்ப தொடங்குதுங்கறதே பாதி விடை. வெப்பத்தால வர்ற கோளாறு 20-ல இருந்து 40 நிமிஷத்துக்குள்ள வந்துடும், ஏன்னா லேப்டாப் அதுக்குள்ள முழுச் சூடு ஏறி நிலைச்சுடும். ரெண்டு மணி நேரம் காத்திருந்து வர்றது பெரும்பாலும் ஏதோ ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா நிரம்பறது: ரேம், ஜிபியு மெமரி, இல்லன்னா டேட்டா கோட்டா. ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தா சரியாகுதுன்னு நீங்க சொன்னதும் அதைத்தான் காட்டுது. நிரம்பினது கொட்டிடுது, அவ்வளவுதான்.

நிரப்புறது யாரு? பிரவுசர் சோர்ஸ் ஒவ்வொண்ணும் உள்ளே ஒரு குரோமியம் (குரோம் பிரவுசரோட அடித்தளம்) பக்கம். சாட் பாக்ஸ் திரையில 8 வரிதான் காட்டும், ஆனா மோசமா எழுதின விட்ஜெட் மேல போன வரிகளை அழிக்காம பக்கத்துக்குள்ளயே வச்சிருக்கும். நாலு மணி நேரத்து சாட், இமோட் எல்லாம் மெமரியில கிடக்கும். இன்னொரு பக்கம் ரோல்பிளே சர்வர். ஊர் சுத்தச் சுத்தப் புதுக் கார், புது உடுப்பு டெக்ஸ்சர் எல்லாம் இறங்கி ஜிபியு மெமரியில உக்காரும். 6 ஜிபி நிரம்பினா விண்டோஸ் மிச்சத்தை சாதாரண ரேமுக்குத் தள்ளும். அது போர்டுக்கும் ஜிபியுவுக்கும் நடுவுல உள்ள பிசிஐ இணைப்பு வழியா போய் வரணும், அங்க ரெண்டர் நேரம் எகிறும். முன்னால இருக்கற கேமுக்குத்தான் விண்டோஸ் முதல் இடம் கொடுக்கும், பின்னால நிக்கற ஓபிஎஸ் பட்டினி. அதான் உங்க கண்ணுக்கு கேம் ஓரளவு சரி, பாக்கறவங்களுக்குத் திக்கல்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில:

ஃபிரேம் உச்சவரம்பு. என்விடியா கண்ட்ரோல் பேனல்ல மேனேஜ் 3டி செட்டிங்ஸ், மேக்ஸ் ஃபிரேம் ரேட், 60. ரோல்பிளேக்கு அது தாராளம். 144-க்கு விட்டா ஜிபியு 99% ஓடும், ஓபிஎஸ்ஸுக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஜிபியு 85%-ஐத் தாண்டாம இருக்கணும், குறி அதுதான். ஷூட்டர் கேம் ஆடுற நாள்ல 120 வைங்க. 60-ஓட மடங்கா இருந்தா லைவ்ல ஃபிரேம் இடைவெளி சமமா விழும்.

ஜிடிஏ கிராபிக்ஸ் பக்கத்துல மேலேயே வீடியோ மெமரி கோடு இருக்கு. டெக்ஸ்சர் வெரி ஹைல இருந்தா ஹைக்கு இறக்குங்க. தொடக்கத்துலயே 4 ஜிபிக்கு மேல எடுத்தா லைவ்வுக்கு இடம் பத்தாது.

சாட் பாக்ஸ்ல 30 செகண்ட்ல மெசேஜ் மறையற மாதிரியும், காட்டும் வரி எண்ணிக்கைக்கு வரம்பும் வைங்க. விட்ஜெட் தளம் விட்டா நாலு விட்ஜெட்டையும் ஒரே பக்கத்துல வச்சு ஒரே சோர்ஸா எடுங்க. ஒவ்வொரு பிரவுசர் சோர்ஸ் பிராபர்டீஸ்லயும் சோர்ஸ் தெரியாதபோது நிறுத்துற டிக், சீன் மாறும்போது ரீஃப்ரெஷ் ஆகுற டிக், ரெண்டையும் போடுங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ‘இடைவேளை’ சீனுக்கு மாறி வந்தாலே பக்கம் புதுசா ஏறும், பழைய குப்பை போயிடும். லைவ்வை நிறுத்த வேண்டியதில்லை.

லுக்-அஹெட் ஆஃப். சைக்கோ விஷுவல் டியூனிங்கும் ஆஃப். என்வென்க் தனிச் சில்லுதான், ஆனா இந்த ரெண்டும் ஜிபியுவோட பொதுக் கணக்குப் பகுதியைத் தொடும். பிரீசெட் பி6-ல இருந்து பி4. 6000 கேபிபிஎஸ்ல வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும். கீஃபிரேம் (முழுப் படம் அனுப்பற) இடைவெளி 2 செகண்ட்.

ஓபிஎஸ்ஸை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்னு திறங்க. இது மூடநம்பிக்கைன்னு சிலர் சிரிப்பாங்க. விண்டோஸ்ல அப்படித் திறந்தாத்தான் ஓபிஎஸ் ஜிபியு முன்னுரிமை கேக்க முடியும். ஆனா ஃபிரேம் வரம்பு வைக்காம இதை மட்டும் செஞ்சா பாதி வேலைதான்.

வயர்மேன்_தாப்பா | வியாழன், மாலை 6:15

கூலிம் அண்ணன் சொல்றது சரி, ஆனா வெப்பத்தை ரொம்ப லேசா விட்டுட்டாரு. 84 டிகிரி நல்ல எண் இல்ல. தகரக் கூரை வீட்டுல மத்தியானம் 3 மணிக்கு அறையே 33, 34 இருக்கும். ஏர்கோன் அறையில எடுத்த ரிவ்யூவைப் பாத்து லேப்டாப் வாங்கிட்டு இங்க வந்து அதே கிளாக்கை எதிர்பாக்க முடியாது.

கூலிம்சிப் | வியாழன், இரவு 8:05

விடல. அவரோட லாக்ல கிளாக் சரிஞ்சதான்னு பாத்துட்டுப் பேசலாம்னு இருந்தேன். தம்பி, தொடக்கத்துலயும் திக்கும்போதும் ஜிபியு கிளாக் எவ்வளவு?

மூணாம்லயம் | வியாழன், இரவு 9:30

1 மணி நேரத்துல 1600 சொச்சம். திக்கும்போது 1540-1580. சிபியு சில நேரம் 97 டிகிரி தொடுது.

கூலிம்சிப் | வியாழன், இரவு 10:12

ஜிபியு கிளாக் பெருசா இறங்கல. அப்ப திக்கலுக்கு முதல் காரணம் வெப்பம் இல்ல. ஆனா சிபியு 97-க்குப் போறது சரியில்ல, 100-ல அது தானே வேகத்தைக் குறைச்சுக்கும், சூடு கடத்துற குழாய் ரெண்டுக்கும் பொதுங்கறதால ஜிபியுவும் சூடு வாங்கும். வயர்மேன் சொன்னதையும் செஞ்சுடலாம்.

காசு செலவில்லாத வழி: பவர் பிளான் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100-ஐ 99 ஆக்குங்க. டர்போ (சிபியு தானா வேகம் கூட்டறது) நின்னுடும், சூடு கணிசமா இறங்கும். ரோல்பிளேக்கு சிபியு வேகம் முக்கியம்தான், அதனால கேம் ஃபிரேம் 60-க்குக் கீழ விழுந்தா திரும்ப 100-க்கே வாங்க. லேப்டாப் பின்பக்கத்தை 2, 3 சென்டிமீட்டர் தூக்கி வைங்க. அடிப்பலகையைத் திறந்து விசிறியைத் தூசு தட்டுங்க. செம்மண் ரோட்டோரம் இருந்தா அந்தத் தூசு சூடு வெளியேத்துற மெல்லிசு தகட்டு இடுக்குல கெட்டியா அடைஞ்சுக்கும், வெளியில இருந்து ஊதினா போகாது. ஊதும்போது விசிறியை விரலால பிடிச்சுக்குங்க, சுத்த விடாதீங்க.

ஓலைக்கொட்டாய் | வியாழன், இரவு 10:30

எண்ணெய் ஆலைப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தூசோட எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். அதுக்குக் காத்து பத்தாது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பிரஷும் வேணும். ரூட்டரையும் ஒருக்கா திறந்து பாருங்க. எறும்பு குடும்பம் நடத்தும், அது சூட்டுக்கு வரும்.

பீடோர்பையன் | வெள்ளி, மதியம் 1:20

ரெக்கார்டிங்கை யாரும் பேசலையே? வெளி ஹார்ட் டிஸ்க் ஸ்லோ, அதனாலகூட திக்கலாம்ல?

கூலிம்சிப் | வெள்ளி, மதியம் 2:00

நல்ல கேள்வி. கணக்கு போடுங்க. 20,000 கேபிபிஎஸ்னா செகண்டுக்கு 2.5 எம்பி. ஆறு மணி நேரத்துக்கு 54 ஜிபி. பத்து வருஷத்துக்கு முந்தின டிஸ்க்கும் இதைத் தூக்கும். அதனால வேகம் பிரச்சினை இல்ல. பிரச்சினை வர்ற இடம் வேற: டிஸ்க், வெப்கேம், மைக் எல்லாம் ஒரே யூஎஸ்பி ஹப்ல தொங்கினா கரண்ட் பத்தாம டிஸ்க் நொடிப்பொழுது அறுந்து ஒட்டும். எழுதற இடம் நின்னா ஓபிஎஸ் வரிசையும் நிக்கும். டிஸ்க்கை நேரா லேப்டாப் போர்ட்ல குத்துங்க. பவர் பிளான்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆஃப்.

ஃபார்மெட்டையும் பாருங்க. ஃபேட்32-ஆ இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, இந்த வேகத்துல அரை மணி நேரத்துக்கு முன்னாடியே ரெக்கார்டிங் நின்னுடும். என்டிஎஃப்எஸ் இல்ல எக்ஸ்ஃபேட் வைங்க. எம்கேவியில பதிவு பண்ணுங்க, கரண்ட் போனாலும் அதுவரைக்கும் பதிஞ்சது தப்பிச்சுடும். சாதாரண எம்பி4 பாதியில அறுந்தா ஃபைலே திறக்காது.

ஜிபியு இன்னும் இறுக்கமா இருந்தா ரெக்கார்டிங் என்கோடர்ல ‘லைவ் என்கோடரையே பயன்படுத்து’ன்னு வைங்க. தனியா ரெண்டாவது என்கோட் ஓடாது. தரம் லைவ் தரம்தான், பரவாயில்லன்னா.

மூணாம்லயம் | சனி, இரவு 11:58

அண்ணே, 60 வரம்பு, டெக்ஸ்சர் ஹை, சாட் பாக்ஸ் வரம்பு, லுக்-அஹெட் ஆஃப், டிஸ்க் நேர் போர்ட், எல்லாம் செஞ்சு இன்னிக்கு 4 மணி நேரம் ஓடினேன். ரெண்டரிங் லேக் 0.1%. ஜிபியு 70-78%. ரெண்டர் நேரம் 3-4 மில்லிசெகண்டை விட்டு ஏறல. பிரவுசர் 900 எம்பியிலயே நிக்குது. ரொம்ப நன்றி.

ஆனா 8 மணிக்கு மழை வந்தப்போ புதுசா ஒண்ணு. நெட்வொர்க் டிராப் 6%. 10:30-க்கு மேல தானா சரியாச்சு.

பீடோர்பையன் | ஞாயிறு, காலை 12:05

மழை சிக்னலைத் தின்னுடும் மச்சான். இப்பவாவது பிட்ரேட்டை இறக்கு. ஹாஹா.

வயர்மேன்_தாப்பா | ஞாயிறு, காலை 9:50

இப்ப பிட்ரேட் பேசலாம், தம்பிக்கு நேரம் வந்தாச்சு. ஆனா மழை நேரா சிக்னலைத் தின்னுதுங்கறது பாதிதான் சரி. 4ஜி ஓடுறது 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ்ல. இந்த அலைவரிசைக்கு மழைத்துளி பெரிய தடை இல்ல. மழை நல்லா அடிக்கறது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல. வீட்டு டிஷ் மழையில படம் போறது அதனாலதான். டவர்ல இருந்து டவருக்கு மைக்ரோவேவ் தட்டுல லிங்க் போயிருந்தா அதுவும் அங்கதான் அடி வாங்கும். உங்க வீட்டுக்கும் டவருக்கும் நடுவுல கெடுக்கறது ஈர ஓலை. செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை தண்ணி குடிச்சு நின்னா சுவர் மாதிரி, அதுவும் 2600-க்கு. இதோட ராத்திரி 8-ல இருந்து 11 வரைக்கும் மழைன்னா ஊரே வீட்டுக்குள்ள உக்காந்து வீடியோ பாக்கும். டவர் ஒண்ணு, பங்கு ஆயிரம். 10:30-க்கு உங்களுக்குச் சரியானதுக்கு மழை விட்டது பாதி, சனம் தூங்கினது பாதி.

எது எதுன்னு பிரிக்கற வழி: ரெண்டு கமாண்ட் ஜன்னல் திறங்க. ஒண்ணுல ரூட்டர் முகவரிக்கு விடாம பிங் (பதில் வர எவ்வளவு நேரம்னு அளக்கற கமாண்ட்), பெரும்பாலும் 192.168.1.1, இன்னொண்ணுல வெளியில உள்ள கூகுள் முகவரி 8.8.8.8-க்கு விடாம பிங். ரூட்டர் பிங் 1, 2 மில்லிசெகண்ட்ல இருந்து 80, 200-னு துள்ளினா வைஃபைதான் வில்லன். ரூட்டர் நிதானமா இருந்து வெளி பிங் மட்டும் துள்ளினா டவர்ப் பக்கம். இதைப் பாக்காம ஆன்டெனா வாங்கி காசைக் கரைக்காதீங்க.

வைஃபையை எப்படியும் ஒழிச்சுடுங்க. ஹால்ல இருந்து அறைக்கு கேட்5இ கேபிள் 15 மீட்டர், சுவர் ஓரமா கிளிப் அடிச்சு. 100 மீட்டர் வரைக்கும் அது தாங்கும். வைஃபையில விண்டோஸ் அப்பப்போ சுத்துப்பட்டு நெட்வொர்க்கைத் தேடும், அந்த நேரம் பிங் துள்ளும். கேபிள் இழுக்கவே முடியாதுன்னா 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் 36-ல இருந்து 48-க்குள்ள பூட்டி வைங்க. 52-ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல்ல ரேடார் சத்தம் கேட்டதா ரூட்டர் நினைச்சா உடனே சேனலை விட்டு ஓடும், லைவ் நடுவுல இணைப்பே அறுந்துடும்.

மூணாம்லயம் | ஞாயிறு, இரவு 9:15

கேபிள் போட்டாச்சு அண்ணே. ரூட்டர் பிங் 1 தாண்டல. வெளி பிங் 9 மணிக்கு 40-ல இருந்து 300 வரைக்கும் ஆடுது. ரூட்டர் செட்டிங் பக்கத்துல ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) மைனஸ் 108, சினர் (இரைச்சலுக்கு நடுவுல சிக்னலோட தெளிவு) 4, பேண்ட் 7 (2600 மெகாஹெர்ட்ஸ்). ஸ்பீட் டெஸ்ட்ல அப்லோட் காலையில 14 எம்பிபிஎஸ், இப்ப 5.

வயர்மேன்_தாப்பா | ஞாயிறு, இரவு 10:40

மைனஸ் 108 மோசம், சினர் 4 அதைவிட மோசம். மைனஸ் 95-க்குள்ளயும் சினர் 10-க்கு மேலயும் கொண்டு வரணும். ரூட்டர் தன் பக்கத்துல இருந்து அனுப்பற சக்தி 200 மில்லிவாட்தான், டவர் மாதிரி கத்த முடியாது. அதனாலதான் டவுன்லோட் பறக்கும், அப்லோட் படுக்கும். வீடியோ பாக்கற வீட்டுக்கு இது தெரியாது, லைவ் போறவனுக்குத்தான் வலி.

முதல்ல காசில்லாம: ரூட்டர் செட்டிங்ல பேண்ட் 3-க்கு, அதாவது 1800-க்குப் பூட்டிப் பாருங்க. ஓலைக்குள்ள 2600-ஐ விட நல்லா நுழையும். பேண்ட் 8, அதாவது 900, இன்னும் நல்லா நுழையும், ஆனா அதுல அகலம் கம்மி, ராத்திரி நெரிசல்ல அப்லோட் ரெண்டு மூணுலயே நிக்கலாம். ஒவ்வொண்ணையும் ராத்திரி 9 மணிக்கு அளங்க. காலை 6 மணி அளவை நம்பாதீங்க.

அப்புறம் பிட்ரேட். நெரிசல் நேரத்துல கிடைக்கற குறைஞ்ச அப்லோட்ல 60-70% தான் வீடியோவுக்கு. 5 எம்பிபிஎஸ்னா 3000-3500. பீடோர் தம்பி முதல்லயே சொன்ன எண்தான், காரணம் இப்பத்தான் கிடைச்சுது. 3500-ல 1080பி 60 குழைஞ்சு போகும். 720பி 60 வைங்க, போன்ல பாக்கறவங்களுக்கு அதுவே தெளிவா இருக்கும். ஓபிஎஸ் அட்வான்ஸ்டு பக்கத்துல நெரிசல்ல பிட்ரேட் தானா இறங்கற டிக் ஒண்ணு இருக்கு, போடுங்க. ஃபிரேம் விழறதுக்குப் பதிலா கொஞ்ச நேரம் படம் மங்கும், பாக்கறவங்க அதைப் பொறுத்துப்பாங்க.

கோட்டாவையும் கணக்குல வைங்க. 6000 வீடியோ, 160 ஆடியோ, மணிக்கு 2.8 ஜிபி. ஒரு ராத்திரி 5 மணி நேரம்னா 14 ஜிபி. மாசத்துல 25 நாள் போனா 350 ஜிபி. ‘அன்லிமிடெட்’னு போட்டிருந்தாலும் கீழ சின்ன எழுத்துல வேகக் குறைப்பு வரம்பு இருக்கும், படிங்க. மாசக் கடைசி வாரம் மட்டும் எல்லாரும் ‘லைன் சுலோ’ன்னு கத்தறதுக்குப் பாதிக் காரணம் இது.

கலா_லைவ் | திங்கள், காலை 10:20

பாகான் செராயில இருந்து. இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஸ்டாட்ஸ்ல மூணுமே 0.0%. ஆனாலும் வீடியோ திக்குது. மொபைல் லெஜண்ட்ஸ், போன்ல ஆடி, கடையில கிடைக்கற சின்ன எச்டிஎம்ஐ கேப்சர் குச்சி வழியா லேப்டாப்புக்கு. 1080பி 60 வச்சிருக்கேன். பெட்டியில 4கே-ன்னு போட்டிருக்கு.

கூலிம்சிப் | திங்கள், காலை 11:05

தங்கச்சி, மூணும் பூஜ்யம்னா ஓபிஎஸ் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. உள்ளே வர்ற படமே திக்கலா வருது. பெட்டியில உள்ள 4கே அது உள்ளே வாங்கிக்கற அளவு, வெளியே கொடுக்கற அளவு இல்ல. 1080பி 60-ஐச் சுருக்காம அனுப்ப செகண்டுக்கு 249 எம்பி வேணும், அதாவது 2 கிகாபிட். யூஎஸ்பி 2.0-வோட மொத்த வேகமே 480 மெகாபிட். அதனால அந்தக் குச்சி உள்ளேயே எம்ஜேபெக்ல (ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமா சுருக்கற முறை) சுருக்கி அனுப்புது. இந்த ரகத்துல நிறைய 1080பில 30 ஃபிரேம்தான் கொடுக்கும், 60 வேணும்னா 720பி. ஓபிஎஸ்ல சோர்ஸ் பிராபர்டீஸ் திறந்து ரெசல்யூஷனை கஸ்டமா 1280x720, எஃப்பிஎஸ் 60, வீடியோ ஃபார்மெட் எம்ஜேபெக்னு கையால வைங்க. தானியங்கியில விடாதீங்க.

போன் சூட்டையும் பாருங்க. அரை மணி நேரத்துல போனே ஃபிரேமை 60-ல இருந்து 40-க்கு இறக்கினா ஓபிஎஸ் பாவம் என்ன செய்யும். கவரைக் கழட்டுங்க. போன்ல சார்ஜை பேட்டரிக்கு விடாம நேரா ஓட்டுற வசதி இருந்தா அதைப் போடுங்க.

கலா_லைவ் | திங்கள், மாலை 5:45

720பி 60 வச்சதும் ஆட்டம் சீரா வருது அண்ணே. தங்கச்சி ஒருத்திக்கு இதே செட் போடணும், அவளோட போன்ல எச்டிஎம்ஐ வெளியே வராது. என்ன வழி?

ஓலைக்கொட்டாய் | திங்கள், மாலை 6:30

ஆண்ட்ராய்டா இருந்தா எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy), போன் திரையை லேப்டாப்ல காட்டற சாஃப்ட்வேர், இலவசம். யூஎஸ்பி கேபிள்ல ஓட்டச் சொல்லுங்க, வைஃபையில ஓட்டினா ஜெர்க் நிச்சயம். ஃபிரேம் 60, பிட்ரேட் 8 எம்பிபிஎஸ், அளவு 1280. 2.0 பதிப்புக்கு மேல, ஆண்ட்ராய்டு 11-க்கு மேல சத்தமும் சேந்தே வரும். லேப்டாப் போர்ட் கொடுக்கற கரண்ட் 500-ல இருந்து 900 மில்லியாம்ப்தான், கேம் ஆடினா பேட்டரி மெல்ல இறங்கும். முழு சார்ஜ்ல தொடங்கணும்.

பீடோர்பையன் | திங்கள், இரவு 8:10

எனக்கு ஒண்ணு. பிளேஸ்டேஷன், நல்ல கேப்சர் கார்டு, யூஎஸ்பி 3. மூணும் பூஜ்யம். ஆனா சரியா ஒரு இடைவெளியில லேசா ஒரு குதி. கார் ஓட்டுற கேம்ல நல்லாத் தெரியுது.

கூலிம்சிப் | திங்கள், இரவு 8:55

16, 17 செகண்டுக்கு ஒரு தடவையா? அது 59.94. கன்சோல் டிவிக்கு அனுப்பறது 60 இல்ல, 59.94. ஓபிஎஸ் 60-ல நிக்குது. 16.7 செகண்டுக்கு ஒரு ஃபிரேம் குறையும், பழையது ரெண்டு தடவை போகும். வீடியோ செட்டிங்ஸ்ல எஃப்பிஎஸ் பட்டியல்லயே 59.94 இருக்கு, அதைத் தேர்ந்தெடுங்க. கன்சோலை மட்டும் லைவ் விடறவங்களுக்குத்தான் இது. பிசி கேம்னா 60-லயே விடுங்க.

அப்படியே விண்டோஸ் சவுண்ட் பகுதியில மைக், ஹெட்செட், கேப்சர் கார்டு எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸா இருக்கான்னு பாருங்க, ஓபிஎஸ்லயும் அதே. ஒண்ணு 44.1-ல நின்னா நீண்ட லைவ்ல சத்தமும் வாயும் பிரிய வாய்ப்பு இருக்கு. லாக்ல ஆடியோ பஃபரிங் உச்சம் தொட்டதா வரி வந்தா ஏதோ ஒரு ஆடியோ சோர்ஸ் தாமதமா வருதுன்னு அர்த்தம். ஒண்ணொண்ணா கழட்டிக் கண்டுபிடிங்க.

மூணாம்லயம் | செவ்வாய், இரவு 10:50

பேண்ட் 3 பூட்டினதுல 9 மணி அப்லோட் 7.5, சினர் 8. 720பி 60, 4000-ல ஓடுது, டிராப் 0.4%. மழை இல்லாத நாள் இது. கூரை மேல ஆன்டெனா வைக்கலாமா? கடையில 10 மீட்டர் கேபிளோட செட்டா விக்கறாங்க.

வயர்மேன்_தாப்பா | செவ்வாய், இரவு 11:35

அந்த 10 மீட்டர் மெல்லிசு கேபிள் இருக்கே, எல்எம்ஆர்-200 ரகமா இருந்தாலே மீட்டருக்கு அரை டெசிபெல் தின்னும். ஆன்டெனா சம்பாதிச்சதுல 5 டெசிபெல் கேபிள்லயே போகும். ஆர்ஜி58-னா இன்னும் கூட. ஆன்டெனா கேபிளை 3 மீட்டருக்குள்ள வச்சு, ரூட்டரை மேல கூரையடிக்குக் கொண்டு போங்க, மிச்சத்தை லேன் கேபிளா இறக்குங்க. தகரத்துக்குக் கீழ சூடு அதிகம், அதனால ரூட்டர் சுவர் ஓரம், காத்து வர்ற இடத்துல.

ஆன்டெனா ரெண்டு போர்ட் உள்ளதா வாங்குங்க, குறுக்கே 45 டிகிரி சாய்ஞ்ச ரகம். திசையை டவர் பக்கம்னு கண்ணால குத்திடாதீங்க. முதிர்ந்த செம்பனை 10 மீட்டருக்கு மேல நிக்கும், உங்க கம்பம் அதைத் தாண்டாது. லாரி போற தோட்டத்து ரோடு வெட்டின இடைவெளி எந்தப் பக்கம் திறந்திருக்கோ அந்தப் பக்கம் சில நேரம் சினர் நல்லா வரும். 10 டிகிரி திருப்பு, ஒரு நிமிஷம் நிறுத்து, சினரை எழுது, மறுபடி திருப்பு. ஆர்எஸ்ஆர்பியை விட சினர் எங்க அதிகமோ அங்க இறுக்குங்க.

இடி விஷயத்துல விளையாட வேண்டாம். கம்பத்துக்கு எர்த் கம்பி தனியா இறக்கணும், அதை லைசென்ஸ் உள்ள வயர்மேன்கிட்ட விடுங்க. அது இல்லாம கம்பம் ஏத்தாதீங்க. வானம் உறுமற சத்தம் கேட்டா லைவ்வை முடிச்சுட்டு ரூட்டர் அடாப்டரையும் லேப்டாப்ல இருந்து லேன் கேபிளையும் உருவிடுங்க. சர்ஜ் பிளக் கிட்ட விழற இடிக்குத் தாங்காது.

மூணாம்லயம் | புதன், காலை 12:02

சரிண்ணே. கம்பம் 4 மீட்டர் போதுமா, 6 வேணுமா?

வயர்மேன்_தாப்பா | புதன், காலை 12:09

கூரைக்கு மேல ஒன்றரை மீட்டர் தெரிஞ்சா போதும். 6 மீட்டர்னா ஸ்டே கம்பி மூணு பக்கம் கட்டணும், காத்துக்கு ஆடினா சினரும் ஆடும். 4 வாங்குங்க, ஒன்றரை அங்குல ஜிஐ பைப்.